மழை பெய்தால் நின்றுபோகும் எடை

1997 அக்டோபர் 22, புதன்கிழமை, காலை பத்து இருபது. விடியற்காலையிலிருந்து விடாத தூறல். காற்று இல்லை. நான் வந்த பேருந்தின் ஜன்னல் கண்ணாடிகள் எல்லாம் உள்பக்கம் வியர்த்திருந்தன. வாடிப்பட்டிக்கு வெளியே அந்த அரிசி ஆலை வாசலில் இறங்கியபோது, எடைமேடைக்கு முன்னால் நெல் ஏற்றிய டிராக்டர்கள் தார்ப்பாய் போர்த்தி வரிசையாக நின்றன. எண்ணினேன், ஏழு. எதுவும் நகரவில்லை.

எடை போடும் அறைக்கு வெளியே தகரச் சாய்ப்பின் கீழ் மலைச்சாமி கைகட்டி நின்றார். ஆறு வருடமாக அந்த அறையில் உட்கார்ந்து எடைச் சீட்டு போடுகிறவர் அவர். அன்று அறைக்குள் ஆலை முதலாளி அழகர்சாமி உட்கார்ந்திருந்தார். சாவிக்கொத்து அவர் மடியில் கிடந்தது.

“வாங்க சார். இன்னைக்காச்சும் மழை நிக்கிறதுக்குள்ள வந்துட்டீங்க” என்றார் மலைச்சாமி. குரல் தாழ்ந்திருந்தது.

“என்னாச்சு?”

“சாவிய வாங்கிட்டாரு. நேத்து சாயங்காலம், அம்புட்டுப் பேரு நிக்கையில வச்சு. வெள்ளிக்கெழம ஸ்டேசன்ல எழுதிக் குடுக்கப் போறாராம். எடையில களவாண்டுட்டேன்னு.”

எட்டு நாளில் அந்த ஆலைக்கு அது எனக்கு மூன்றாவது நடை. முதல் நடையில் ஒரு புதுக் கார்டை நான்தான் கம்ப்யூட்டரில் மாட்டினேன். இரண்டாவது நடையில் ஒரு குறையும் இல்லை என்று எழுதிக் கையெழுத்துப் போட்டதும் நான்தான்.

இதை இப்போது எழுதக் காரணம் ஒரு புகைப்படம். நான் அப்போது வேலை பார்த்த கம்ப்யூட்டர் சர்வீஸ் கம்பெனியில் எனக்குப் பின்னால் சேர்ந்த ஒருவர் காளவாசலில் லேப்டாப் பழுது பார்க்கும் கடை வைத்திருக்கிறார். போன மாதம் ஒரு பழைய கம்ப்யூட்டரைப் பிரித்துப் படம் எடுத்து அனுப்பி, “சார், இந்தக் குட்டிக் குட்டித் தொப்பி எல்லாம் எதுக்கு சார்? இதை வச்சுக்கிட்டா இவ்வளவு பாடுபட்டீங்க?” என்று கேட்டிருந்தார். செல்போனில் கட்டைவிரலால் தட்டிச் சொல்லக்கூடிய பதில் இல்லை அது. விளாங்குடியில் வீட்டு மாடியில் உட்கார்ந்து பேனாவில் எழுதுகிறேன்.

அந்தக் காலத்துக் கம்ப்யூட்டரின் மதர்போர்டில் நீளமான பள்ளங்கள் வரிசையாக இருக்கும். ஒவ்வொன்றிலும் ஒரு கார்டு. திரைக்கு ஒன்று, வெளிக்கருவிகளுக்கு ஒன்று, இப்படி. ஒவ்வொரு கார்டுக்கும் வீட்டுக் கதவு எண் மாதிரி ஓர் எண் உண்டு. கம்ப்யூட்டர் அந்த எண்ணைச் சொல்லித்தான் கூப்பிடும். இன்றைக்கு அந்த எண்களைக் கம்ப்யூட்டரே பங்கிட்டுக்கொள்கிறது. அன்றைக்கு நாங்கள் கையால் வைக்க வேண்டும். கார்டின் மேல் இரண்டிரண்டு ஊசிகள் நிற்கும். அந்த இரண்டையும் சேர்த்து மூடுகிற மாதிரி உளுந்து அளவில் ஒரு தொப்பி. அதற்குப் பெயர் ஜம்பர். தொப்பி போட்டால் ஓர் எண், கழற்றினால் வேறோர் எண். கவனக்குறைவாக இரண்டு கார்டுகளுக்கு ஒரே எண் அமைந்துவிட்டால், கூப்பிட்டதும் இரண்டும் ஒன்றாகப் பதில் சொல்லும். எது சொன்னதும் விளங்காது. கம்ப்யூட்டர் விழித்துக்கொண்டு நிற்கும். என் வேலையில் பாதி இந்தச் சண்டையைத் தீர்த்துவைப்பதுதான்.

இயற்பியலில் பட்டம், ஒரு வருட டிப்ளமோ, அப்புறம் தட்டச்சு மிஷின்களோடு சில வருடம். என் பயிற்சி என்று சொல்ல அவ்வளவுதான். மீதி எல்லாம் எங்கள் சர்வீஸ் மேலாளர் ஞானசேகரன் சாரிடம் கற்றது. அவர் யாரையும் அதட்டியதில்லை, எல்லோரையும் ‘ங்க’ போட்டுத்தான் பேசுவார். அதனாலேயே எனக்கு அவரிடம் பயம். ஒரு கார்டைத் தொடுமுன் கை கழுவுவார், துடைப்பார், இரும்பு அலமாரியை ஒரு தடவை தொடுவார். உடம்பில் இருக்கும் மின்சாரம் இறங்க வேண்டும் என்பதற்காக. நாங்கள் தொடாமல் கார்டை எடுத்தால் ஒன்றும் சொல்லாமல் கையிலிருந்து வாங்கிக் கீழே வைத்துவிடுவார்.

“கேபிள் போயிருச்சு சார்” என்று யாராவது சொன்னால் அவரிடமிருந்து ஒரே கேள்விதான் வரும். “பார்த்தீங்களா, நெனச்சீங்களா?”

பார்த்தேன் என்றால் எதை வைத்துப் பார்த்தீர்கள் என்பார். நினைத்தேன் என்றால், “அப்ப நெனப்பை பஸ்லயே விட்டுட்டு கையை மட்டும் கொண்டு போங்க” என்பார்.

கார்டுச் சண்டைக்கு அவர் வகுத்த முறை மாறவே மாறாது. முதலில் எல்லாக் கார்டுகளின் எண்ணையும் தாளில் எழுத வேண்டும். பிறகு எல்லாவற்றையும் கழற்ற வேண்டும். திரைக் கார்டை மட்டும் மாட்டி ஓட்டிப் பார்க்க வேண்டும். அப்புறம் ஒவ்வொன்றாக. ஒரு தடவைக்கு ஒரே ஒரு மாற்றம். இரண்டை ஒன்றாக மாற்றிச் சரியாகிவிட்டால், எதனால் சரியானது என்று தெரியாது, அது சரியானதாகவே கணக்கில்லை என்பது அவர் கட்சி.

இனி ஆலைக்கு வருகிறேன். நெல் விளைவித்துக் கொண்டுவரும் சம்சாரிகளுக்குப் பல வருடமாக ஒரு மனத்தாங்கல். எடை என்ன விழுகிறது என்பது உள்ளே இருப்பவருக்குத்தான் தெரியும், சீட்டில் போட்டதுதான் எடை. முதலாளி அதற்கு ஒரு வழி செய்தார். எடைமேடைக்கு எதிரே, வண்டியில் உட்கார்ந்தபடியே பார்க்கிற மாதிரி, சிவப்பு எண்கள் ஒளிரும் பெரிய பலகை ஒன்றை வாங்கி மாட்டினார். அதைக் கம்ப்யூட்டரோடு இணைக்க ஒரு புதுக் கார்டு வேண்டியிருந்தது. எடைக்கருவி ஏற்கெனவே பழைய கார்டில், இரண்டாம் எண்ணில் இருந்தது. புதுக் கார்டும் தொழிற்சாலையிலிருந்து இரண்டாம் எண்ணோடுதான் வந்தது. அதன் தொப்பியைக் கழற்றி நான்காம் எண்ணாக்கி மாட்டினேன். பலகை ஒளிர்ந்தது. டிராக்டர்காரர்கள் கைதட்டினார்கள். அன்று நல்ல வெயில்.

அடுத்த இரண்டாம் நாள் மழை. அன்றுதான் தகராறு ஆரம்பித்தது. ஒரு வண்டியின் எடை திரையில் விழுந்து, அடுத்த வண்டி ஏறிய பிறகும் அப்படியே நின்றிருக்கிறது. அறுவடைக் காலத்தில் ஒரு வண்டி இறங்கும்போதே அடுத்தது ஏறிவிடும். நடுவில் எண் சுழியத்துக்கு வந்ததா என்று பார்க்க யாருக்கும் பொழுதில்லை. வருவதெல்லாம் ஒரே மாதிரி டிரெய்லர்கள், எடையும் முன்னே பின்னே இருநூறு முந்நூறு கிலோதான் வித்தியாசப்படும். களத்தில் நெல்லை மூட்டையாகப் பிடித்து எண்ணியபோதுதான் தெரிந்தது, நான்கு பேருக்குக் குறைத்து விழுந்திருக்கிறது, மூன்று பேருக்குக் கூட்டி விழுந்திருக்கிறது.

குறைந்தவர்கள் மலைச்சாமியை முதலாளியின் கையாள் என்றார்கள். கூடியதைப் பார்த்த முதலாளி அவரைச் சம்சாரிகளின் கையாள் என்றார்.

அடுத்த நாள் நான் போனேன். வெயில். ஐம்பது தடவை ஏற்றி இறக்கிப் பார்த்தோம், எடை கச்சிதம். மழையில் கேபிள் நனைந்திருக்கும் என்று எண்ணிப் புதுக் கேபிள் போட்டுவிட்டு வந்தேன். திங்கட்கிழமை மறுபடி மழை, மறுபடி அதே கதை. இந்தத் தடவை மலைச்சாமியே கண்டுபிடித்து, எடை போடுவதை நிறுத்திவிட்டு, முதலாளியிடம் போய்ச் சொல்லியிருக்கிறார். மாட்டிக்கொள்வோம் என்று தெரிந்து முந்திக்கொண்டான் என்று முதலாளி அதற்கும் ஓர் அர்த்தம் கண்டுபிடித்தார்.

இந்த நிலையில்தான் அந்தப் புதன்கிழமை நான் அறைக்குள் நுழைந்தேன்.

“மழை பேஞ்சா நிக்கிதாம், வெயிலடிச்சா ஓடுதாம். என்ன தம்பி, உங்க கம்ப்யூட்டருக்குச் சளி புடிக்குமா?” என்றார் முதலாளி.

மேடையில் ஒரு டிராக்டர் நின்றது. திரையில் 5,310. ஓட்டுநரைக் கூப்பிட்டு வண்டியை இறக்கச் சொன்னேன். வண்டி இறங்கியது. திரையில் 5,310. வெளியே பலகையிலும் 5,310. மேடையில் ஈரத்தைத் தவிர ஒன்றுமில்லை.

வரிசையில் நின்ற ஓட்டுநர் ஒருவர் பக்கத்து வண்டிக்காரரிடம் கத்தினார். “ஏ மாப்ள, வெறும் காத்துக்கே அஞ்சு டன்னு போடுதுடா! நாம எதுக்குடா நெல்லத் தூக்கிக்கிட்டு அலையுறோம்?”

எல்லோரும் சிரித்தார்கள். மலைச்சாமி சிரிக்கவில்லை.

எடைக்கருவிக்குச் சொந்தமாக ஒரு சின்ன எண் திரை உண்டு. ஆனால் யாரும் அதில் கைவைத்துவிடக் கூடாது என்று முதலாளி அதை மேஜைக்கடியில் இரும்புக் கூண்டு செய்து பூட்டிவைத்திருந்தார். திறக்கச் சொன்னேன். முனகிக்கொண்டே திறந்தார். குனிந்து பார்த்தோம். அதில் சுழியம்.

“பாருங்க. கருவி சரியாச் சொல்லுது. கம்ப்யூட்டர்தான் பழசையே பிடிச்சுக்கிட்டு நிக்குது.”

“அப்ப கம்ப்யூட்டர்ல இவன் என்னமோ பண்ணிருக்கான்.”

“அண்ணே, எனக்குச் சீட்டுப் போடத்தானே தெரியும்! அதத் தொறக்கக்கூடத் தெரியாதுண்ணே!” என்றார் வெளியிலிருந்து மலைச்சாமி.

“நீ பேசாத.”

காரணம் இல்லாமல் மலைச்சாமியை மீட்க முடியாது என்று எனக்குப் புரிந்தது. பெட்டியைத் திறந்தேன். திருகாணிகளை டம்ளரில் போட்டேன். கதவு எண்களைத் தாளில் எழுதினேன். எல்லாக் கார்டுகளையும் கழற்றினேன். வெளியே ஹாரன் அடித்தார்கள். முதலாளி, “வண்டி வரிசகட்டி நிக்கிது, நீங்க பூக் கட்டுற மாதிரி உக்காந்திருக்கீங்களே தம்பி” என்றார். சார் வகுத்த முறையை நான் மாற்றவில்லை.

திரைக் கார்டு மட்டும். சரி. அதோடு பழைய கார்டு. எடை வந்தது, சுழியமும் வந்தது. பழைய கார்டைக் கழற்றிவிட்டுப் புதுக் கார்டை மாட்டினேன். அது நான்காம் எண்ணில் பதில் சொல்ல வேண்டும். சோதனை செய்யும் மென்பொருள் அது இரண்டாம் எண்ணில் இருப்பதாகச் சொன்னது. அதாவது பழைய கார்டின் வீட்டிலேயே இதுவும் குடியிருந்திருக்கிறது. ஆனால் இரண்டாம் எண் அமைய ஊசிகளின் மேல் தொப்பி வேண்டும். தொப்பியை நானே கழற்றி என் பையில் போட்டேனே!

கார்டை வெளியே எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தேன். தொப்பி இல்லை. இரண்டு ஊசிகளும் மொட்டையாகத்தான் நின்றன. ஆனால் அவற்றின் அடியில், இரண்டையும் ஒன்றாக அணைத்தபடி, ஒரு சந்தனப் பொட்டு. நடுவில் குங்குமம். காய்ந்திருந்தபோது வெளிறிக் கிடந்திருக்கும், இப்போது ஈரத்தில் ஊறிப் பளபளத்தது. மின்தொடர்பைச் சோதிக்கும் மீட்டரின் இரண்டு முனைகளையும் ஊசிகளில் வைத்தேன். முள் அசைந்தது. அசையக் கூடாத இடத்தில் அசைந்தது. மழைக் காற்றில் சந்தனமும் குங்குமமும் ஈரம் குடித்ததும் அந்தப் பொட்டே தொப்பியின் வேலையைச் செய்திருக்கிறது. வெயிலில் காய்ந்ததும் விட்டுவிட்டிருக்கிறது.

மாட்டும்போது இதைப் பார்க்கவில்லையா என்று கேட்பீர்கள். பார்த்திருப்பேன். எங்கள் அலுவலகக் கார்டு எல்லாவற்றிலும் பொட்டு இருக்கும். சுவரில் சுண்ணாம்பு இருப்பது மாதிரி அது கண்ணில் படாது.

ஆயுத பூசையன்று மற்ற அலுவலகங்களில் கம்ப்யூட்டர் திரைக்கு மேல் ஒரு பொட்டு வைத்து மாலை போடுவார்கள். ஞானசேகரன் சாருக்கு அது போதாது. நம் தொழிலுக்குக் கருவி கார்டுதான், பெட்டி இல்லை என்பார். கையிருப்பில் உள்ள அத்தனை கார்டுகளையும் அவற்றின் உறைகளிலிருந்து எடுத்து மேஜையில் வாழையிலை விரித்து அடுக்கச் சொல்வார். அந்த வருடம் அறுபத்தொன்று. நான் தட்டு ஏந்திக்கொண்டு பின்னால் நடக்க, ஒவ்வொன்றுக்கும் மோதிர விரலால் சந்தனம், அதன் மேல் குங்குமம். ஒன்றையும் விடமாட்டார். வருடம் முழுக்க வெறுங்கையால் கார்டைத் தொடவிடாத மனிதர் அன்று ஒரு நாள் அத்தனை உறைகளையும் பிரித்து விரலால் தொடுவார். பெரிய கார்டுகளில் வெற்றிடம் நிறைய, பொட்டு எங்காவது சும்மா கிடக்கும். இந்தப் புதுக் கார்டு உள்ளங்கை அளவு. ஊசிகளைத் தவிர இடமே இல்லை.

ஆலைத் தொலைபேசியில் அவரைக் கூப்பிட்டேன்.

“சார், புதுக் கார்டு தானா எண் மாறுது. ஜம்பர் இடத்துல ஷார்ட் ஆகுது.”

“பார்த்தீங்களா, நெனச்சீங்களா?”

“பார்த்தேன் சார்.”

“எதைப் பார்த்தீங்க?”

“பொட்டு சார். நம்ம பூசையில வச்ச பொட்டு.”

லைன் போய்விட்டதா என்று இரண்டு தடவை அலோ சொன்னேன்.

“துடைக்காதீங்க. வர்றேன்” என்றார்.

போனை வைத்ததும் முதலாளி எழுந்தார். “என்ன பொட்டுங்கிறீக? மில்லுல மோட்டாருக்கு, பெல்ட்டுக்கு, தராசுக்கு, எல்லாத்துக்கும் வருசா வருசம் பொட்டு வக்கிறோம். எது கெட்டுச்சு? சாமி காரியத்தக் கொற சொல்லி இவனக் காப்பாத்தப் பாக்குறீகளா?”

சார் வந்தபோது மணி ஒன்று பத்து. அதற்குள் மழை விட்டு வெயில் சுள்ளென்று அடித்தது. கார்டுகளை எல்லாம் மாட்டி ஓட்டிப் பார்த்தேன். எடை ஒழுங்காக ஓடியது. மலைச்சாமி தலையில் கை வைத்துக்கொண்டார். “இப்ப நல்லாத்தான் சார் ஓடும். என் நேரம் அப்படி.”

பேருந்தில் வந்து இறங்கிய சார் என்ன சொல்வாரோ என்று எனக்குக் கவலை. பூச்சி விழுந்தது, தூசி அடைத்தது, கார்டே மட்டம் என்று சொல்ல எத்தனையோ வழி உண்டு. எதைச் சொன்னாலும் முதலாளி கேட்டுக்கொள்வார், எங்கள் கம்பெனி பெயரும் தப்பும். ஆனால் அப்படிப் பொதுவாகச் சொன்ன காரணத்தை வைத்துக்கொண்டு மலைச்சாமி யாரிடம் போய் நிற்க முடியும்?

சார் கை கழுவினார், துடைத்தார், இரும்புக் கூண்டைத் தொட்டார், நான் கழற்றிக் கொடுத்த கார்டை வாங்கினார். பூதக்கண்ணாடியில் நெடுநேரம் பார்த்தார்.

“குத்தம் பொட்டுல இல்லீங்க. வச்ச இடத்துல” என்றார் முதலாளியிடம்.

“வச்சது யாரு? இவனா?”

“நான். இந்த விரல்” என்று மோதிர விரலைக் காட்டினார்.

முதலாளி அந்த விரலையும் கார்டையும் மாறி மாறிப் பார்த்தார். அப்புறம், “பாக்காம எப்படி நம்புறது?” என்றார்.

“அது நியாயம். காட்டுங்க” என்றார் சார் என்னைப் பார்த்து.

இதற்குள் டிராக்டர்காரர்கள் எல்லாம் ஜன்னலை அடைத்துக்கொண்டு நின்றார்கள். கார்டைத் திரும்ப மாட்டி, பெட்டி திறந்தபடியே கம்ப்யூட்டரை ஓடவிட்டேன். மேடையில் ஒரு வண்டி, 4,870. வேறொரு டம்ளரில் கொஞ்சம் தண்ணீர் வாங்கி, தீக்குச்சி முனையில் ஒரு சொட்டு எடுத்துப் பொட்டின் மேல் வைத்தேன். ஊறட்டும் என்று காத்திருந்தோம். வண்டியை இறக்கச் சொன்னேன். இறங்கியது. திரையில் 4,870. பலகையில் 4,870. பஞ்சால் ஒற்றி, ஊதிக் காயவைத்து, கம்ப்யூட்டரை அணைத்துப் போட்டேன். சுழியம் வந்தது.

“இன்னொருக்கா” என்றார் முதலாளி.

மறுபடி குச்சியை எடுத்தேன். அவர் கிட்டத்தில் பார்க்க வேண்டும் என்று என் தோளுக்கு மேல் எட்டிக் குனிந்தார். அவர் முழங்கை என் மணிக்கட்டில் இடித்தது. இடித்தது என்று இன்றைக்கும் சொல்வேன். டம்ளர் சரிந்து, மிச்சத் தண்ணீர் முழுக்கக் கார்டின் வழியாக மதர்போர்டில் இறங்கியது. டப்பென்று ஒரு சத்தம். திரை அணைந்தது. கருகிய வாடை.

“அபிசேகம் முடிஞ்சிருச்சு மாப்ள, நடையச் சாத்து” என்றது ஜன்னலில் ஒரு குரல்.

முதலாளிக்கே சிரிப்பு வந்துவிட்டது. மேல்துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். “சரி, வெளங்கிருச்சு. ஏப்பா மலைச்சாமி, இந்தா சாவி. வேலயப் பாரு.”

மலைச்சாமி கையை நீட்டவில்லை.

“வாங்கும்போது அம்புட்டுப் பேரு முன்னாடி வச்சு வாங்குனீங்கண்ணே. குடுக்கும்போதும் அம்புட்டுப் பேரு முன்னாடி வச்சுக் குடுங்க.”

முதலாளியின் முகம் இறுகியது. இப்போதுதானே ஒரு வழியாகத் தீர்ந்தது, இந்த மனிதர் ஏன் பிடித்த பிடியில் நிற்கிறார் என்று நினைத்தேன். ஞானசேகரன் சார் மட்டும் தாளை எடுத்து அறிக்கை எழுத ஆரம்பித்தார். மலைச்சாமியிடம் முழுப் பெயரையும் தகப்பனார் பெயரையும் கேட்டு எழுதினார். எழுதியதைச் சத்தமாகப் படித்தார். எடை தவறியதற்குக் காரணம் எங்கள் அலுவலகப் பூசையில் கார்டின் மேல் வைத்த பொட்டு, எடை போடுபவர் இதற்கு எந்த விதத்திலும் பொறுப்பல்ல, இது முதலாளி, வண்டிக்காரர்கள் முன்னிலையில் சோதித்துக் காட்டப்பட்டது என்று இருந்தது.

“அதெல்லாம் எழுதணுமா சார்? ஒங்களுக்கும் அசிங்கம்தானே?” என்றார் முதலாளி.

“எழுதலைன்னா அடுத்த மழைக்கு மறுபடியும் இவரைத்தான் கேப்பீங்க.”

முதலாளி அந்தத் தாளை வாங்கி ஒரு தடவை படித்தார். பிறகு எழுந்து, சாவிக்கொத்தை எடுத்துக்கொண்டு வெளியே போனார். எடைமேடையின் மேலேயே ஏறி நின்றார். வண்டிக்காரர்களைக் கையசைத்துக் கிட்டே கூப்பிட்டார்.

“இங்க பாருங்கப்பா. எடையில குளறுபடி பண்ணது கம்ப்யூட்டரு. மலைச்சாமி கை சுத்தம். நாந்தான் அவசரப்பட்டுட்டேன். போன வாரம் கூடக் கொறய விழுந்தவுக எல்லாம் வாங்க, மூட்டைக் கணக்க வச்சுப் பேசிக்கிருவோம்.” சாவியை நீட்டினார். மலைச்சாமி மேடையில் ஏறி இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார்.

கம்ப்யூட்டர் செத்துப்போயிருந்ததால் அன்று மிச்ச எடையை எல்லாம் இரும்புக் கூண்டைத் திறந்துவைத்துக்கொண்டு கருவியைப் பார்த்தே போட்டார்கள். மலைச்சாமி குனிந்து எண்ணை உரக்கச் சொல்ல, வண்டிக்காரர்கள் ஒவ்வொருவராக வந்து தலையை நுழைத்துப் பார்த்துக்கொண்டார்கள். அந்தக் கூண்டை அதற்குப் பின் பூட்டவில்லை என்று கேள்விப்பட்டேன்.

அந்த நாளை நினைக்கும்போது எனக்கு விளங்காத ஒன்று உண்டு. ஒரு வாரம் முழுக்க அத்தனை பேரும் திரையில் நின்ற எண்ணைத்தான் நம்பினார்கள், நானும்தான். அசையாமல் நின்றதால் நம்பினோம். மழை பெய்தால் நிற்கிறது என்று திரும்பத் திரும்பச் சொன்ன மனிதரை, அவர் பதறிப் பதறிச் சொன்னதாலேயே சந்தேகப்பட்டோம். கார்டுச் சண்டையைத் தீர்க்க ஒரு முறை இருந்தது. இதைத் தீர்க்க ஒரு முறை இருக்கிறதா என்று இந்த வயதிலும் எனக்குத் தெரியவில்லை.

அடுத்த வருடம் ஆயுத பூசையில் சார் கார்டுகளை வெளியே எடுக்கச் சொல்லவில்லை. அலமாரிக் கதவில் ஒரே ஒரு பொட்டு வைத்தார். கொஞ்ச நேரம் கதவைத் தொட்டபடி நின்றுவிட்டுப் போனார்.

நான் சொல்ல விட்டது அன்று சாரோடு திரும்பி வந்த பேருந்துப் பயணம். சமயநல்லூர் தாண்டியதும் அவர் பேச்சை எடுத்தார். “மதர்போர்டு போச்சு” என்றார்.

“ஆமா சார். முதலாளி கை இடிச்சதுனாலதான்...”

“பார்த்தீங்களா, நெனச்சீங்களா?”

“இடி வாங்குனது என் கை சார். இதுல நெனக்கிறதுக்கு என்ன இருக்கு?”

அவர் முகத்தில் சிரிப்பு மாதிரி ஒன்று வந்து போனது. “பார்க்கணும்னு கேட்டவர் மேல கணக்கு எழுத முடியாதுங்க. கேட்டது அவர் உரிமை. பொட்டு என்னுது, தண்ணி உங்களுது. பாதிப் பாதி.”

சொன்னபடியே செய்தார். மதர்போர்டு விலையில் பாதியைத் தன் சம்பளத்தில் பிடிக்கச் சொல்லி அவரே எழுதிக் கொடுத்ததைக் கணக்கர் எனக்குக் காட்டினார். எட்டு நாளில் தீபாவளி. வீட்டில் இதைச் சொல்வதை இரண்டு நாள் தள்ளிப்போட்டேன். மதர்போர்டின் விலை 2,150 ரூபாய். என் பங்கு அக்டோபரில் 400, நவம்பரில் 400, டிசம்பரில் 275. ஆக 1,075 ரூபாய்.